மண்ணுக்கு அடியிலுள்ள பாறையும் கமக்காரரின் கிணறும்

முன்னுரை

யாழ்ப்பாணத்திலே சுன்னாகப் பகுதியிற் கிணறு வெட்டுபவர் முதலிற் செம்மண்ணைத் தோண்டுகின்றார். சில அடி ஆழத்தில் வெண்மை கலந்த சுண்ணாம்புக்கல் எதிர்ப்படுகின்றது. அதனை உடைத்துச் சென்றால், கல்லிலுள்ள வெடிப்புகளின் வழியே நீர் ஊறி வருகின்றது. வவுனியாவிற் கிணறு வெட்டுபவருக்கோ செங்கபில மண்ணும், அதன்கீழ்ச் சரளைக்கல்லும், அதன்கீழ்க் கையால் நொறுக்கக்கூடிய உக்கிய பாறையும், ஈற்றில் அலவாங்குக்கு இடங்கொடாத கருங்கல்லும் எதிர்ப்படுகின்றன. மட்டக்களப்பின் கடற்கரையோரத்தில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. சில அடி தோண்டியவுடன் பூவலில் நீர் நிறைகின்றது.

இம்மூவரும் ஒரே நாட்டிற் பயிர் செய்பவர்கள். ஒரே மழையை நம்பி வாழ்பவர்கள். ஆயினும் ஒருவருடைய கிணறு கோடையில் வற்றுகின்றது. மற்றொருவருடைய கிணறு வற்றாது உவர்க்கின்றது. ஒருவருக்கு நன்மை செய்யும் முறை மற்றொருவருக்குத் தீமை செய்கின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் அவரவர் காணிக்கு அடியிலுள்ள பாறையே ஆகும். பாறை எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு மாறுகின்றது, எவ்வாறு மண்ணாகின்றது என்பனவற்றை விளக்கி, அவ்வறிவைக் கொண்டு கிணற்றையும் மண்ணையும் பேணும் வழிகளைக் கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பூமியின் உள்ளமைப்பு

பூமியின் மேற்பரப்பிலிருந்து அதன் நடுவிடம் ஏறக்குறைய 6,370 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளது. அவ்வளவு தூரமும் ஒரே தன்மையான பொருளால் அமைந்ததன்று. மூன்று பெரும் படைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன.

மேலேயுள்ள படை புவியோடு எனப்படும். இது கண்டங்களின் கீழ்ச் சராசரியாக 35 கிலோமீற்றர் தடிப்பும், சமுத்திரங்களின் கீழ் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தடிப்பும் உடையது. நாம் உழும் மண்ணும், உடைக்கும் கல்லும், அருந்தும் நிலநீரும் இப்புவியோட்டின் மேற்பகுதியைச் சேர்ந்தவை.

அதன்கீழ் 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை மென்மூடி என்னும் படை உண்டு. புவியோட்டுக்குக் கீழே எங்கும் தீக்குழம்பே நிறைந்திருக்கின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மென்மூடி பெரும்பாலும் திண்மமான பாறையே ஆகும். எனினும் மிகுந்த வெப்பத்தினால், பல இலட்சம் ஆண்டுகளில், அது பிசைந்த மாவைப் போல மெல்ல மெல்ல நகருந் தன்மையைப் பெறுகின்றது. குறிப்பிட்ட சில இடங்களில் மாத்திரமே அது உருகிக் குழம்பாகின்றது.

நடுவிலுள்ளது கோளவகம். இது பெரும்பாலும் இரும்பும் நிக்கலும் சேர்ந்தது. இதன் வெளிப்பகுதி உருகிய நிலையிலும், உட்பகுதி அளவற்ற அமுக்கத்தினாலே திண்ம நிலையிலும் உள்ளன.

இவ்வாழங்களை எவரும் நேரிற் கண்டதில்லை. உருசியாவின் கோலா தீபகற்பத்தில் மனிதன் துளைத்த மிக ஆழமான துளையும் 12 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தையே அடைந்தது. நிலநடுக்கம் உண்டாகும்போது எழும் அதிர்வலைகள் பூமியினூடாகச் செல்லும் வேகத்தையும், அவை வளைந்து செல்லும் விதத்தையும் அளந்தே உள்ளமைப்பை ஆராய்ச்சியாளர் அறிந்தனர். தேங்காயைத் தட்டி அதன் முற்றலை அறிவதற்கு இதனை ஒப்பிடலாம்.

பூமியின் உள்வெப்பத்துக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. திருகோணமலையை அடுத்த கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் இருப்பதை யாவரும் அறிவர். அங்கு எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தைப் பெற்று, மீண்டும் மேலே வருவதனாலேயே அந்நீர் சூடாக உள்ளது.

நகரும் தகடுகள்

புவியோடும் அதனோடு ஒட்டிய மென்மூடியின் மேற்பகுதியும் சேர்ந்து, ஓடு உடைந்த துண்டுகள் போலப் பல பெருந் தகடுகளாகப் பிரிந்துள்ளன. இத்தகடுகள் ஓராண்டிற் சில சென்றிமீற்றர் வீதம் நகர்கின்றன. ஒரு மனிதன் பிறந்து தன் பிள்ளைகளுக்குக் காணியைப் பங்கிட்டுக் கொடுக்கும் காலத்துக்குள் நம் தகடு ஒன்றிரண்டு மீற்றர் நகர்ந்துவிடும். கண்டங்கள் இடம் பெயர்ந்தன என்னும் கருத்தை அல்பிரட்டு வெகனர் என்னும் செருமானிய அறிஞர் 1912 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சமுத்திரத் தளத்தை ஆராய்ந்த பின்னர், 1960 ஆம் ஆண்டுகளில் அக்கருத்துத் தகட்டுக் கொள்கையாக வளர்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முற்காலத்தில் இலங்கை, இந்தியா, மடகசுக்கார், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா முதலியன ஒன்று சேர்ந்து கொண்டுவானா என்னும் பெருங் கண்டமாக இருந்தன. அது பின்னர் உடைந்து பிரிந்தது. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நிலப்பகுதி வடக்கே நகர்ந்து, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. அம்மோதலினால் உயர்ந்ததே இமயமலை.

இலங்கை தன் தகட்டின் ஓரத்தில் அமையாது உட்பகுதியில் அமைந்துள்ளது. ஆகையினாலே இங்கு எரிமலைகள் இல்லை. பெரிய நிலநடுக்கங்களும் அரிது. ஆனால் தகட்டின் ஓரத்தில் நிகழும் அசைவு நம்மைத் தாக்காது என்று எண்ணலாகாது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் அதனைக் கண்டோம். அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மூவகைப் பாறைகள்

பாறைகள் யாவும் உண்டாகிய முறையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கப்படும்.

முதலாவது தீப்பாறை. உருகிய குழம்பு ஆறித் திண்மமாவதால் இது உண்டாகின்றது. நிலத்தின்கீழ் மெதுவாக ஆறினால் கனிப்பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் பெரிய மணிகளாக வளரும். புத்தளம் மாவட்டத்திலுள்ள தொனிகலப் பகுதியின் இளஞ்சிவப்புக் கருங்கல் இத்தகையது.

இரண்டாவது அடையற்பாறை. மணல், களி, சிப்பி, முருகை முதலியன நீரின் அடியிற் படைபடையாகப் படிந்து, மேலுள்ள படைகளின் பாரத்தினால் இறுகி இது உண்டாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு முதல் மன்னார், புத்தளம் கரையோரம் வரை காணப்படும் சுண்ணாம்புக்கல் இவ்வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில், அப்பகுதி ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தபோது இது படிந்தது. கல்லை உடைத்துப் பார்த்தாற் சிப்பியின் அச்சுகளை இன்றும் காணலாம்.

மூன்றாவது உருமாறிய பாறை. முன்னர் உண்டாகிய ஒரு பாறை பூமியின் ஆழத்துக்கு அமிழ்ந்து, அங்குள்ள வெப்பத்தினாலும் அமுக்கத்தினாலும் உருகாமலே தன்மை மாறுவதால் இது உண்டாகின்றது. சூளையில் வைத்த களி உருகாமலே செங்கல்லாக மாறுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இவ்வகைப் பாறையின் மீதே அமைந்துள்ளது. கொண்டுவானாவின் பகுதிகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தபோது, ஏறக்குறைய 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இப்பாறைகள் ஆழத்தில் அழுந்தி வெந்தன. மலைநாட்டின் பல பாறைகள் 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கண்டவை. அதன் பின்னர் மேலிருந்த பல கிலோமீற்றர் தடிப்பான பாறை தேய்ந்து அகன்றமையால் அவை இன்று வெளியே தெரிகின்றன. கருங்கல் என நாம் வழங்கும் கல்லிற் பெரும்பகுதி இதுவேயாகும். வெள்ளையும் கறுப்புமான பட்டைகள் மாறிமாறி அமைந்திருப்பதைக் கொண்டு இதனை அறியலாம். மாத்தளை, கண்டிப் பகுதிகளிற் கிடைக்கும் தொலமைற்றுக்கல், பழைய சுண்ணாம்பு அடையல் இவ்வாறு வெந்து மாறியதே.

இம்மூவகையும் என்றும் ஒரே நிலையில் இருப்பனவல்ல. மலைப்பாறை உக்கி மண்ணாகின்றது. மண்ணை ஆறு கடலுக்குக் கொண்டு செல்கின்றது. கடலில் அது அடையற்பாறையாகின்றது. தகடுகளின் அசைவினால் அப்பாறை ஆழத்துக்குச் சென்று உருமாறுகின்றது, அல்லது உருகித் தீப்பாறையாகின்றது. மீண்டும் உயர்ந்து மலையாகின்றது. இச்சுற்றில் மண் என்பது பாறை சிறிது காலம் தங்கும் ஒரு நிலை. அந்நிலையிலேயே நெல் விளைகின்றது.

பாறை மண்ணாகும் வகை

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகின்றது. இவ்வமிலநீர் பாறையின் கனிப்பொருள்களை மெல்ல மெல்லச் சிதைக்கின்றது. கருங்கல்லிலுள்ள களிக்கல் என்னும் கனிப்பொருள் சிதைந்து களிமண்ணாகின்றது. அப்போது பொற்றாசியம், கல்சியம் முதலிய பயிருணவுகள் வெளிப்படுகின்றன. மைக்காவும் பிற கருங்கனிப்பொருள்களும் சிதைந்து இரும்பை வெளிவிட, அவ்விரும்பு துருவேறி மண்ணுக்குச் செந்நிறத்தைக் கொடுக்கின்றது. படிகம் என்னும் வெண்கல் மாத்திரம் எளிதிற் சிதையாது மணலாக எஞ்சுகின்றது. எனவே வயலிலுள்ள களி, மணல், செந்நிறம் ஆகிய மூன்றும் ஒரே கருங்கல்லின் வெவ்வேறு பகுதிகள் என்பதைக் கமக்காரர் உணர வேண்டும்.

இவ்வேலை மிக மெதுவாக நடைபெறுகின்றது. வன்பாறையிலிருந்து ஓரங்குல மண் உண்டாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். சில இடங்களில் ஆயிரம் ஆண்டுகளும் போதா. மலைநாட்டில் வரம்பின்றி, சரிவின் வழியே மேலிருந்து கீழாகப் பாத்தியமைத்து மரக்கறி செய்யும் காணியில் அவ்வோரங்குல மண்ணைச் சில பெருமழைகளே அடித்துச் செல்லக்கூடும். பசளையை மீண்டும் விலைக்கு வாங்கலாம். மண்ணை வாங்க இயலாது.

மழை மிகுந்த ஈரவலயத்தில் நீர் இடைவிடாது மண்ணினூடே சென்று கல்சியம், மகனீசியம் முதலியவற்றைக் கழுவி விடுவதால் மண் புளிப்புத்தன்மை அடைகின்றது. அங்கு தொலமைற்று இடுதல் பயன் தரும். வரண்ட வலயத்தில் அவ்வாறு கழுவப்படுவது குறைவு. ஆதலால் அங்கு மண்ணைப் பரிசோதியாமற் சுண்ணாம்பு இடுதல் வீண்செலவாகும்.

கருங்கல் நிலமும் குளங்களும்

வவுனியா, முல்லைத்தீவின் தென்பகுதி, அனுராதபுரம், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இடங்களின் உட்பகுதியில் அடியிலுள்ளது உருமாறிய வன்பாறையே. வன்பாறை தானாக நீரைக் கொள்ளாது. அதன்மேலுள்ள உக்கிய படையும், பாறையிலுள்ள வெடிப்புகளுமே நீரைக் கொள்கின்றன. அவ்வுக்கிய படையின் தடிப்புப் பல இடங்களிற் பத்து மீற்றருக்கும் குறைவானது. மழைக்காலத்தில் அது நிறைகின்றது, கோடையில் வடிகின்றது. ஒரே தாழ்வான நிலத்திற் பல கிணறுகளை அடுத்தடுத்து வெட்டினால் அவை யாவும் அச்சிறு நீர்ச்சேமிப்பையே பங்கிட்டுக் கொள்கின்றன. அயலவர் கிணறு வெட்டிய பின்னர்த் தம் கிணற்றில் நீர் குறைந்ததெனக் கமக்காரர் முறையிடுவதற்குக் காரணம் இதுவே.

நம் முன்னோர் இப்பாறையின் இயல்பை அறிந்தே குளங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைத்தனர். மேற்குளத்தின் வயலிலிருந்து வடியும் நீர் கீழ்க்குளத்தைச் சேர்கின்றது. குளத்தில் நீர் நிற்கும் காலமெல்லாம் அது கசிந்து அயற் கிணறுகளையும் ஊட்டுகின்றது. ஆகையினாலே குளத்தைத் தூர்வாரிப் பேணுதல் வயலுக்கு மாத்திரமன்றிக் கிணற்றுக்கும் செய்யும் தொண்டாகும்.

இந்நிலத்தில் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நடந்தால் மண் மாறுவதைக் காணலாம். மேட்டில் நீர் நன்றாக வடியும் செங்கபில மண் உண்டு. அது மேட்டுநிலப் பயிர்களுக்கு ஏற்றது. சரிவின் நடுவில் நீர்வடிப்புக் குறைகின்றது. பள்ளத்தில் நீர் தங்குவதால் மண் நரைநிறமாகின்றது. அது நெல்லுக்கு உரியது. மேட்டில் நெல் விதைத்தால் நீர் விரயமாகும். பள்ளத்தில் மிளகாய் நட்டால் வேர் அழுகும்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. இப்பாறையின் சில கனிப்பொருள்களிலிருந்து புளோரைட்டு என்னும் பொருள் நீரிற் கரைகின்றது. வரண்ட வலயத்தின் பல கிணறுகளில் அது மிகுந்துள்ளது. சிறுவர்களின் பற்களில் மாறாத கபிலக் கறை தோன்றினால் அக்கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். அந்நீர் பயிருக்கு உதவும். ஆயினும் குடிப்பதற்கு வேறு நீரை நாடுதல் நன்று.

முருங்கன் களிமண்

மன்னார் மாவட்டத்தில் முருங்கனைச் சூழ, கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களிற் கருமையான களிமண் காணப்படுகின்றது. இக்களியின் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்குவன. நீர் அற்றபோது சுருங்குவன. கோடையில் நிலம் ஆழமாக வெடிப்பதும், மாரியில் வண்டிச் சக்கரம் புதைவதும் இதனாலேயே. வெடித்த வயலில் நேரே நீரைப் பாய்ச்சினால் முதல் நீரிற் பெரும்பகுதி வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். முதன்மழை கிடைத்தவுடன் மேலோட்டமாக உழுது வெடிப்புகளை மூடிவிட்டுப் பின்னர் நீர் பாய்ச்சுவது குளத்து நீரைச் சேமிக்கும் சிறந்த முறையாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்

சுண்ணாம்புக்கல் மற்றப் பாறைகளைப் போன்றதன்று. அமிலங் கலந்த மழைநீரில் அது கரைகின்றது. பல இலட்சம் ஆண்டுகளாக மழைநீர் கரைத்துச் சென்றதனாலே இக்கல்லினுள் துளைகளும், கால்வாய்களும், குகைகளும் உண்டாகியுள்ளன. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு இவ்வாறு கரைந்த குகையின் கூரை வீழ்ந்து உண்டாகியதே. கடலோரத்திற் கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதும், நிலத்தினுள் விழுந்த மழைநீர் இக்கால்வாய்களின் வழியே கடலை நோக்கிச் செல்வதைக் காட்டுகின்றது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடுகின்றது. எனவே மக்கள் குடிப்பதற்கும், வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியவற்றுக்கு இறைப்பதற்கும் நெடுங்காலமாக நம்பியிருப்பது, பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து இக்கல்லின் துளைகளிற் சேரும் மழைநீரையே.

மேலுள்ள செம்மண் நீரை விரைவில் உட்செலுத்துவது, உழுவதற்கு எளியது. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிற் பொசுபரசு, இரும்பு, நாகம் ஆகியவை பயிருக்கு எளிதிற் கிடைப்பதில்லை. இளம் இலைகள் மஞ்சளிப்பதைக் கண்டவுடன் நைதரசன் பசளையை மேலும் மேலும் இடுதல் தவறாகும். மாட்டெருவும் குழையும் இட்டு மண்ணின் சேதனப் பொருளைக் கூட்டுவதே முதலிற் செய்யத்தக்கது.

நன்னீர் உவர்நீரின்மேல் மிதத்தல்

குடாநாட்டின் அடியிலே நன்னீருக்குக் கீழ் உவர்நீர் உண்டு. கடல்நீர் நன்னீரிலும் சற்றுப் பாரமானது. ஒரு கனமீற்றர் நன்னீர் 1,000 கிலோகிராம் நிறையுடையதாயின், அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே மழைநீர், எண்ணெய் நீரின்மேல் மிதப்பது போல, கல்லின் துளைகளிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று.

இந்நிறை வேற்றுமையிலிருந்து ஒரு கணக்குப் பெறப்படுகின்றது. நிலநீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால், நன்னீர் கடல் மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை இருக்கும். அதே கணக்கின்படி, இறைப்பினால் நீர்மட்டம் அரையடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 20 அடி மேலேறும். கல்லின் துளைகள் ஒரே சீராக அமையாமையால் எல்லா இடங்களிலும் இக்கணக்குச் சரியாகப் பொருந்தாது; நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கலப்பான நீரும் உண்டு. ஆயினும் இதன் பொருள் தெளிவானது. மேலே சிறிது இழந்தாற் கீழே மிகுதியாக இழக்கின்றோம்.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இறைப்பு நின்ற வேளையிற் கிணறு ஊறி மட்டம் மீண்டது. நீரிறைக்கும் யந்திரம் களைப்பதில்லை. நெடுநேரம் ஒரே மூச்சாக இறைக்கும்போது கிணற்றின்கீழ் உவர்நீர் கூம்பைப் போல மேலெழுகின்றது. நீரில் உவர் தோன்றியபோது சிலர் கிணற்றை ஆழமாக்குகின்றனர். அது நோயைக் கூட்டும் மருந்தாகும்; ஆழத்தில் இருப்பது உவர்நீரே. உவர்த்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் உப்புத் தோட்டத்து மண்ணிலும் சேர்கின்றது. பின்னர் கிணறு தேறினாலும் மண் தேறுவதற்கு நாட்செல்லும்.

2004 ஆம் ஆண்டுக் கடற்பேரலை தந்த பாடம்

சுமாத்திராவை அடுத்த கடலின் கீழ் நம் பக்கத்துத் தகடு மற்றொரு தகட்டின்கீழ் அமிழ்ந்து செல்கின்றது. இரண்டும் ஒன்றோடொன்று இறுகி நின்று, 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் திடீரெனப் பெயர்ந்தன. கடலின் அடித்தளம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு அசைந்தது. அதனால் எழுந்த பேரலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நம் கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கரையோர வயல்களும் ஆயிரக்கணக்கான கிணறுகளும் உவர்நீரால் நிறைந்தன.

உயிர் தப்பியோருக்கு விரைவில் நல்ல நீர் கிடைக்க வேண்டுமென்னும் நன்னோக்கத்தோடு, பல கிணறுகளை யந்திரங்களால் மீண்டும் மீண்டும் இறைத்து வெறுமையாக்கினர். ஆனால் கரையோர மணலிலும் நன்னீர் உவர்நீரின்மேலேயே மிதக்கின்றது. மேலிருந்து கடல்நீர் இறங்கியிருந்த வேளையில், மிகையாக இறைத்ததனாற் கீழிருந்த உவர்நீரும் மேலேறியது. அளவோடு துப்புரவு செய்து மழைக்கு விட்ட கிணறுகளில், அடுத்தடுத்த மாரிமழை உப்பைப் படிப்படியாகக் கழுவியது. பேரலையின் காரணம் 1,500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தகடுகள். ஆனால் கிணறு தேறுவதும் தேறாததும் அக்கிணற்றின்கீழ் உள்ள நிலத்தின் தன்மையையும் நம் செயலையும் பொறுத்திருந்தன. பிற காரணங்களால் உவர்த்த கிணற்றுக்கும் இப்பாடம் பொருந்தும். உவர்த்த கிணற்றுக்கு வேண்டியது ஓய்வும் மழையுமே.

பசளை கிணற்றைச் சேரும் வகை

நாம் இடும் யூரியா மண்ணில் நைத்திரேற்று என்னும் பொருளாக மாறுகின்றது. களிமண் அதனைப் பற்றி வைத்திருப்பதில்லை. பயிர் உறிஞ்சியது போக எஞ்சியதை நீர் கீழே கொண்டு செல்கின்றது. செம்மண்ணும் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லும் அதனைத் தடுப்பதில்லை, மணலும் தடுப்பதில்லை. ஆதலால் யாழ்ப்பாணத் தோட்ட நிலங்களிலும், கற்பிட்டியின் மணல் நிலங்களிலும் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆராய்ச்சிகளிற் கண்டறியப்பட்டுள்ளது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மாக் கரைத்துக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தால் அவர்களின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழக்கின்றது. உடல் நீலம் பூக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். காய்ச்சுவதனால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அது செறிவடையும். பயிருக்கு வேண்டிய அளவுக்கு மேல் இட்ட பசளைக்குக் கமக்காரர் இருமுறை விலை கொடுக்கின்றார்: ஒருமுறை கடையில், மறுமுறை தம் வீட்டுக் கிணற்றில்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் எவ்வகை மண்ணும் கல்லும் எதிர்ப்பட்டன என்பதை எழுதி வைக்குக. பின்னர் வரும் பிள்ளைகளுக்கு அது உதவும்.

2. சுண்ணாம்புக்கல் நிலத்திலும் கடலோர மணலிலும், உவர் தோன்றிய கிணற்றை ஆழமாக்காதீர்கள். குழாய்க்கிணறு அமைப்பதற்கு முன்னர் உரிய அதிகாரிகளின் ஆலோசனையைப் பெறுக.

3. ஒரே மூச்சாக இறைக்காது, காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்து, இடையே கிணறு ஊறுவதற்கு அவகாசம் கொடுக்குக.

4. வாய்க்கால்களிற் கசிவைத் தடுக்குக. பாத்திகளுக்கு மூடுபடை இடுக. இயன்றவர் சொட்டு நீர்ப்பாசனத்தை அல்லது தூவல் நீர்ப்பாசனத்தை மேற்கொள்க.

5. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளையின் அளவை முடிவு செய்க. நைதரசன் பசளையைப் பல தடவையாகப் பிரித்து இடுக. பெருமழைக்கு முன்னர் இடாதீர்கள்.

6. கேணிகளையும் குளங்களையும் தூர்வாரி, மழைநீர் அவற்றைச் சேரும் வழிகளைத் திறந்து வைக்குக. கடலுக்கு ஓடும் மழைநீரை இயன்ற அளவு நிலத்தில் தங்கச் செய்க.

7. கைவிட்ட கிணறுகளிலும் கல்லகழிகளிலும் குப்பையையோ கிருமிநாசினிப் போத்தல்களையோ போடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் அந்நஞ்சை அயற் கிணறுகளுக்குக் கொண்டு செல்லும்.

8. சரிவான காணியில் சமவுயரக் கோட்டின் வழியே கல்வரம்பும் மண்வரம்பும் அமைக்குக. வரம்பிற் புல் வளர்க்குக.

9. எப்பாவலையில் 1971 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட பொசுபேற்றுக்கல் மெதுவாகவே கரைவது. அது தேயிலை, தென்னை, இறப்பர் முதலிய நெடுங்காலப் பயிர்களுக்கு ஏற்றது. நெல்லுக்கும் மரக்கறிக்கும் ஏற்றதன்று.

10. குடிக்கும் கிணற்று நீரை இடையிடையே பரிசோதிப்பிக்குக. கைக்குழந்தை உள்ள வீட்டினர் இதனைத் தவறாது செய்தல் வேண்டும்.

முடிவுரை

பாறையை மாற்றும் ஆற்றல் நமக்கில்லை. கருங்கல் நிலத்தில் இருப்பவர் சிறிய நீர்ச்சேமிப்பை அயலவரோடு பங்கிட்டுக் கொள்ள வேண்டியவராவர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருப்பவர் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரை நம்பி வாழ்பவராவர். சரிவு நிலத்தில் இருப்பவர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் உழைத்து இயற்கை ஆக்கிய மண்ணுக்குக் காவலராவர். தத்தம் நிலத்தின் அடியில் இருப்பது யாது என்பதை அறிந்து, அதற்கேற்ப இறைப்பையும் பசளையையும் அமைத்துக்கொள்ளும் கமக்காரரே தம் பிள்ளைகளுக்கு நல்ல காணியையும் நல்ல கிணற்றையும் விட்டுச் செல்வர்.

மேலதிக விபரங்களுக்கும், மண்ணையும் நீரையும் பரிசோதிக்கும் முறைகளுக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக.